சிவப்புத் தூளும் ஆயிரம் பவுனும்

ஆம்பூரிலிருந்து வேலூர் வரை பாலாற்றை ஒட்டிப் பயணம் செய்பவர்களுக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் செங்கல் சூளைகளும் பழகிப்போன காட்சிகள். இவ்விரண்டுக்கும் டென்னிஸ் விளையாட்டுக்கும் என்ன உறவு என்று கேட்டால் நீங்கள் சிரிக்கக்கூடும். உறவு உண்டு, அதுவும் பழைய உறவு.

முதலில் தோலைப் பார்ப்போம். டென்னிஸின் மூதாதையான பந்தாட்டம் பிரான்சு நாட்டில் உள்ளங்கையால் ஆடப்பட்டது. அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. உள்ளே மணலையும் சுண்ணாம்புத் தூளையும் மரத்தூளையும் திணித்துச் சிலர் ஏமாற்றினார்கள் போலும்! 1480-ஆம் ஆண்டில் பதினோராம் லூயி மன்னன், பந்துகள் நல்ல தோலால் தைக்கப்பட்டு, கம்பளி மயிரால் நன்கு திணிக்கப்பட வேண்டும் என்று ஆணையே பிறப்பித்தான். பின்னாளில் மட்டை வந்தபோது அதன் நரம்பு ஆட்டுக் குடலிலிருந்து எடுக்கப்பட்டது. 1875-இல் லியோன் நகரத்தில் பாபோலா குடும்பத்தார் இத்தகைய நரம்புகளை டென்னிஸ் மட்டைக்கெனச் செய்யத் தொடங்கினர். பிற்காலத்தில் ஆட்டுக் குடலின் இடத்தை மாட்டுக் குடல் பிடித்தது. மட்டையின் கைப்பிடியில் சுற்றியதும் தோல்தான்.

இனிச் செங்கல்லுக்கு வருவோம். 1880-ஆம் ஆண்டு வாக்கில், வில்லியம் ரென்ஷா, எர்னஸ்ட் ரென்ஷா என்னும் இங்கிலாந்து இரட்டையர் தென் பிரான்சின் கான் நகரில் டென்னிஸ் கற்றுக்கொடுத்து வந்தார்கள். இங்கிலாந்தின் ஈரக் காற்றில் வளரும் புல் கான் நகர வெயிலில் கருகிற்று. அருகிலிருந்த வல்லோரி மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே உடைந்து வீணான பானைகளைத் தூளாக்கிப் புல்லின் மேல் அவர்கள் பரப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. நம் பக்கத்துக் கரிகிரியைப் போன்ற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிவப்பு மண் களம் இப்படித்தான் பிறந்தது.

வயலில் கிடக்கும் பச்சை மண்ணையே பரப்பினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பச்சைக் களிமண்ணில் தண்ணீர் பட்டால் சேறாகும். சூளையில் வெந்த களிமண் அப்படியல்ல. அதனோடு பிணைந்திருந்த நீர் வெளியேறி, அதன் அமைப்பே மாறிவிடுகிறது. மீண்டும் அது களிமண் ஆவதில்லை. செங்கல் சுவர் மழையில் கரையாததற்கும் இதுவே காரணம். ஆகவே செங்கல் தூள் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும், ஆனால் சேறாகாது.

பாரீசு நகரின் ரோலான் காரோ அரங்கம் 1928-இல் கட்டப்பட்டது. அதன் களம் முழுவதும் செங்கல் என்று எண்ணிவிடாதீர்கள். சிவப்புத் தூள் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனமே. அதன் கீழே நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக் கல். அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, சரளை, பெருங்கற்கள். மொத்த ஆழம் சுமார் 80 சென்டிமீட்டர். சுண்ணாம்புக் கல் அடுக்கு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், ஈரத்தைப் பிடித்து வைத்து மேலே அனுப்பும். நாள்தோறும் நீர் தெளிக்காவிட்டால் தூள் காற்றில் பறந்துவிடும். ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு அது எத்தகைய ஆடம்பரம் என்று சொல்ல வேண்டியதில்லை!

நம் நாட்டில் வேறொரு வழி இருந்தது. உள்ளூர் மண்ணை உருளையால் அழுத்தி, வீட்டுத் திண்ணையைப் போலவே சாணம் கரைத்து மெழுகிக் களம் அமைத்தார்கள்.

மண் களத்தில் ஆட்டமே மாறிவிடுகிறது. புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் பாயும். மண்ணில் உராய்வு மிகுதி. பந்து முன்னோக்கிய வேகத்தை இழந்து உயரமாக எழும்பும். எதிராளிக்கு ஓடி வந்து எடுக்க நேரம் கிடைக்கிறது. எனவே ஒரே அடியில் வெல்வது கடினம். பொறுமையும் கால்வலிமையும் வேண்டும். 1987 டிசம்பரில் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் புல் ஆட்டத்தில் வல்லவர்களான நம்மவர்களைச் சுவீடன் நாட்டார் கோதன்பர்க் நகரில் கூரைக்கடியில் மண் பரப்பியே எதிர்கொண்டார்கள். முடிவு 5–0. இதைத் தந்திரம் என்று குறைகூற முடியாது; உள்ளூர்க்காரர் களத்தைத் தேர்ந்தெடுப்பது விதிக்கு உட்பட்டதே.

இப்போது 1968-க்குச் செல்வோம். அதுவரை டென்னிஸில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. பணம் வாங்காமல் ஆடுபவர் அமெச்சூர்; வாங்கி ஆடுபவர் தொழில்முறை ஆட்டக்காரர். விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் பின்னவருக்கு இடமில்லை. 1962-இல் நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற ராட் லேவர் மறு ஆண்டு தொழில்முறைக்கு மாறியதும் விம்பிள்டனின் கதவு அவருக்கு மூடப்பட்டது. ஆனால் அமெச்சூர்களில் பலர் செலவுப் பணம் என்ற பெயரில் மறைவாக வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். வசதி படைத்தவன் விளையாடலாம், உழைத்துப் பிழைப்பவன் கூடாது என்பதற்கு மரியாதையான பெயர்தான் அமெச்சூர் விதி என்பது என் கருத்து.

அந்தக் கோட்டின் மறுபுறம் நம்மவர் ஒருவர் நின்றார். நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை சென்றார். 1959-இல் டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் அந்த லேவரையே வென்றவர். தொழில்முறைக் குழுவை நடத்திய ஜாக் கிரேமர், மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக அவரை அழைத்தார். கிருஷ்ணன் மறுத்தார். சென்றிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆட முடியாது. 1966-இல் இந்திய அணி முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டியபோது அவர் அதில் இருந்தார்.

1967 டிசம்பரில் பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம் இந்தப் பாகுபாட்டை ஒழிக்கத் தீர்மானித்தது. 1968 மார்ச் 30 அன்று உலகச் சம்மேளனமும் பாரீசில் கூடி, அவ்வாண்டுக்குப் பன்னிரண்டு திறந்த போட்டிகளை அனுமதித்தது. அவற்றில் முதலாவது ஏப்ரல் 22-இல் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் தொடங்கியது. அதன் பெயர் பிரிட்டிஷ் கடினக் களப் போட்டி. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். புல் அல்லாததெல்லாம் ஆங்கிலேயருக்குக் கடினம்தான். அது சிவப்புத் தூள் பரப்பிய மண் களம்.

ஆக, அமெச்சூரும் தொழில்முறையாரும், ஆண்களும் பெண்களும் கலந்துகொண்ட முதல் திறந்த போட்டி மண்ணில் நடந்தது. மார்க் காக்ஸ் என்ற அமெச்சூர், தொழில்முறைச் சிங்கமான பாஞ்சோ கொன்சாலசை ஐந்து செட்களில் வீழ்த்தினார். இறுதியில் கென் ரோஸ்வால் லேவரை வென்று 1,000 பவுன் பெற்றார். பெண்களில் வர்ஜீனியா வேட் வென்றார். அவருக்கு வைத்திருந்த பரிசு 300 பவுன். இன்னும் அமெச்சூராக இருந்ததால் அதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

களம் ஒன்று, வானமும் ஒன்று. கூலி மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அமெச்சூர் கோட்டை அழித்தவர்கள் இந்தக் கோட்டைத் தொடவில்லை. 1970-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியொன்றில் ஆண்களுக்கு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500 டாலர் என்று அறிவித்தபோது பொறுமை எல்லை கடந்தது. பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் எழுதி, தமக்கெனத் தனிப் போட்டி தொடங்கினர். அவர்களுள் ஒருவரான நான்சி ரிச்சி 1968-இல் பாரீசின் செங்கல் தூளில் முதல் திறந்த பட்டத்தை வென்றவர். 1973-இல் அமெரிக்க ஓபன் சம பரிசு தந்தது. ரோலான் காரோ எப்போது தந்தது தெரியுமா? பட்டம் வென்றவர்களுக்கு 2006-இல். எல்லாச் சுற்றுகளுக்கும் 2007-இல்! விம்பிள்டனும் அதே ஆண்டில்தான் இணங்கியது.

இந்தியாவில் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. காலையில் ஆம்பூர், வாணியம்பாடி சாலைகளில் ஷூ கம்பெனி பஸ்களுக்காகக் காத்து நிற்பவர்களில் பெண்களே மிகுதி. அந்தச் சட்டம் ஏட்டில் எவ்வளவு, கையில் வரும் சம்பளத்தில் எவ்வளவு என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்களுக்கான சென்னை ஓபன் 1997 முதல் 2017 வரை நடந்தது. பின்பு புனேக்குப் போய்விட்டது. பெண்களுக்கான சென்னை ஓபன் 2022-இல் அதே அரங்கில் நடந்தது. இரண்டும் தனித்தனிப் போட்டிகள். இரண்டுமே நடந்தது மண்ணில் அல்ல, செயற்கைப் பூச்சுப் பூசிய கெட்டித் தரையில்.