நிமோனியா பரிசோதனைக்கு முன்பே ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்தால்

முதியவர் ஒருவருக்கு நிமோனியா இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறும்போது, “இதற்கு முன் ஏதேனும் ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா?” என்று உங்களிடம் கேட்பார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரைகளாயினும் மறைக்காமல் கூறுங்கள். பரிசோதனை முடிவை எவ்வாறு புரிந்துகொள்வது என்பது அந்த விடையைப் பொறுத்தது.

நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை அறிய, சளி அல்லது இரத்த மாதிரியிலிருந்து அதனை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பர். இதுவே கல்ச்சர் பரிசோதனை. உயிருள்ள கிருமி மட்டுமே இதில் வளரும். மாதிரி எடுப்பதற்கு முன்பே மருந்து உடலில் சேர்ந்திருந்தால், நோய் நீங்காத நிலையிலும் ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வரலாம். நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் முதன்மையான நிமோகாக்கஸ் இவ்வாறு எளிதில் தப்பிவிடும். சில வேளைகளில் நோய்க்குத் தொடர்பில்லாத வேறு கிருமி வளர்ந்து குழப்புவதும் உண்டு. ஆகவே, அறிக்கையை மட்டும் பார்த்து நோய் இல்லை என்று நீங்களாக முடிவு செய்து மருந்தை நிறுத்த வேண்டாம்.

மார்பு எக்ஸ்ரேயின் நிலை வேறு. அதில் தெரியும் நிழல் ஓரிரு நாள் மருந்தால் மறைவதில்லை. முதியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீடிக்கும். நிமோகாக்கஸ், லெஜியோனெல்லா ஆகியவற்றுக்கான சிறுநீர்ப் பரிசோதனையும், பிசிஆர் பரிசோதனையும் இறந்த கிருமியின் எச்சத்தையும் கண்டறிய வல்லவை. எனவே மருந்து தொடங்கிய பின்னரும் அவை பயன்படும்.

முதுமையில் நிமோனியா காய்ச்சலின்றியும் வரும். திடீர் மனக்குழப்பம், உணவில் நாட்டமின்மை, தடுமாறி விழுதல் ஆகியவையே முதல் அறிகுறிகளாக இருக்கலாம். பலரால் சளியை வெளியே துப்பவும் இயலாது. கிடைக்கும் சிறிதளவு மாதிரியும் பயனற்றுப் போனால், மருத்துவர் ஊகித்தே மருந்தைத் தேர்ந்தெடுக்க நேரிடும்.

நம் நாட்டில் காசநோயையும் மனத்திற்கொள்ள வேண்டும். லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், இருமல் தற்காலிகமாகத் தணிந்து, நோயைக் கண்டறிவது தாமதமாகலாம். அதற்குள் வீட்டிலுள்ள பிறருக்கும் அது பரவக்கூடும். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், சளிப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது மாத்திரை அட்டைகளை, காலியானவற்றையும் சேர்த்து, எடுத்துச் செல்லுங்கள். கடைசி வேளை மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே வேளையில், பரிசோதனை சரியாக வர வேண்டும் என்பதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். நோய் கடுமையாக இருந்தால், முடிவுகளுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவதே முறை. மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், அழைத்தால் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், உடனே 108-ஐ அழையுங்கள்.