புழுவும் புல்நிலமும்

மடுல்கெல்லச் சரிவுகளிற் கோப்பி விளைந்த காலத்தில் மாட்டுக்குத் தனி மதிப்பிருந்தது. பாலுக்காக அன்று, எருவுக்காக. கோப்பித் துரைமார் தொழுவம் அமைத்து, தீவனப்புல் வளர்த்து, சாணத்தைச் செடியடியிற் சேர்ப்பித்தனர். 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை மாய்த்தது, தேயிலை பரவிற்று. இன்று லயத்தருகே கொட்டிலில் நிற்கும் மாடு தொழிலாளியினுடையது. அதற்கு மேயச் சாண் நிலமில்லை.

இரசாயன மருந்தின்றிக் கால்நடைகளின் குடற்புழுவை அடக்கலாம் என்போரை நாம் மறுக்கவில்லை. 1961இல் வந்த தயாபெண்டசோல் என்னும் மருந்துக்கு மசியாத புழுக்கள் 1964இலேயே செம்மறிகளிற் காணப்பட்டன. ஆயினும் மருந்துக்கு மாற்று மூலிகையே என்றெண்ணி அமைவதும் பிழை. அதற்குச் சான்று நம் அயலிலேயே உண்டு. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். அது மனிதரைப் பற்றும் புழு. அக்காலத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட கீனோப்போடிய எண்ணெய் செடியிலிருந்து வடித்ததே. அளவு மிஞ்சினால் அதுவும் நஞ்சே! மருந்தினாற் புழு விழுந்தது. ஆனால் மலகூடமில்லாத லயங்களைச் சுற்றிய மண்ணில் வெறுங்காலோடு நடந்தவரை அது மீண்டும் பற்றியது. மலகூடம் கட்டும் செலவென்றதும் தோட்டக்காரர் பலர் பின்வாங்கினர்.

மாட்டின் கதையும் இதுவே. சாணத்தோடு விழும் முட்டை பொரித்து, வெப்பமும் ஈரமும் வாய்த்தால் ஏறக்குறைய ஒரு வாரத்திற் புழுக்குஞ்சு புல்லில் ஏறிவிடும். கால்நடையின் வாயிற் படாத குஞ்சு நாளடைவில் மடியும். எனவே நிலத்துக்கு ஓய்வு கொடுப்பதே மருந்தில்லா வழி. 1990களின் தொடக்கத்திற் பசிபிக் தீவுகளில் ஆடுகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். பத்துத் துண்டு நிலம்; ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்ச்சல்; பின்பு அத்துண்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வு. புழுத்தொல்லை வெகுவாகக் குறைந்தது. குளிர்ந்த மலையில், அதுவும் காயாத மாட்டுச் சாணத்துள், குஞ்சுகள் இன்னும் நெடுநாள் பிழைத்திருக்கும். ஓய்வும் அதற்கேற்ப நீள வேண்டும்.

பத்துத் துண்டு நிலத்துக்கு லயத்தவர் எங்கே போவர்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. உழைத்தவரைக் காணியுடையோர் ஆக்கவில்லை. காணோரத்திலும் தெருவோரத்திலும் அறுத்த புல்லே அவர்தம் மாட்டுக்கு உணவு.

பனி உலர்ந்தபின் புல்லறுங்கள், குஞ்சுகள் அடியில் இறங்கிவிடும் என்று அறிவுரை கூறலாம். நாமும் வகுப்பிற் கூறியதுண்டு. பனி உலரும் வேளையில் தாய் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து மலையில் நிற்கிறாள். மகன் விடியுமுன்பே புல்லறுத்துப் போட்டுவிட்டு, நனைந்த காற்சட்டையோடு நம் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான்.