விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து யார் அப்பீல் போகலாம்?

1955 செப்டம்பர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சம்னர் என்கிற சிற்றூர் நீதிமன்றம். எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றதாக ராய் பிரையன்ட், ஜே.டபிள்யூ. மிலம் என்ற இரு வெள்ளையர் மீது வழக்கு. சிறுவனுக்குத் தாத்தா முறையான மோஸ் ரைட், வெள்ளையர் நிறைந்த அந்த அறையில் எழுந்து நின்று, கை நீட்டி அவர்களை அடையாளம் காட்டினார். ஜூரியில் இருந்த 12 பேரும் வெள்ளை ஆண்கள். 67 நிமிடங்களில் விடுதலை.

நான்கு மாதம் போனது. 1956 ஜனவரியில் 'லுக்' பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று இருவரும் சொன்னார்கள். அந்தக் கொலைக்காக அவர்களை மறுபடி கூண்டில் ஏற்ற முடியவில்லை. 1791இல் வந்த ஐந்தாம் திருத்தப்படி ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டாம் முறை விசாரிக்கக் கூடாது. ஜூரி விடுவித்தால் அரசுத் தரப்புக்கு அப்பீல் கிடையாது. எளியவரை அரசு திரும்பத் திரும்ப வழக்குப் போட்டு நசுக்காமல் தடுக்கும் நல்ல விதிதான். ஜூரி முழுக்க ஆதிக்க இனமாக இருந்தபோது அதே விதி கொலையாளிகளுக்குக் கேடயமானது.

இங்கிலாந்திலும் இப்படித்தான் இருந்தது. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். அரசுத் தரப்பு கைவிட்ட வழக்கைப் பெற்றோரே நடத்தினார்கள். 1996இல் அது தோற்றது, மூவர் விடுதலை. காவல்துறைக்குள் அமைப்பாகவே இனவெறி இருக்கிறது என்று 1999இல் சொன்ன மெக்ஃபெர்சன் அறிக்கை, இந்த விதியையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. வலுவான புதிய சான்று கிடைத்தால் கொடுங்குற்றங்களில் மறுவிசாரணை உண்டு என்றானது. விடுதலையான மூவரில் ஒருவரான கேரி டாப்சன் 2012இல் தண்டிக்கப்பட்டார். 19 ஆண்டுப் போராட்டம் அது.

நம் நாட்டின் கதை வேறு. தன் நாட்டில் அனுமதிக்காத ஒன்றை வெள்ளைக்கார அரசு 1872ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நமக்குக் கொண்டுவந்தது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம். நம்மேல் இரக்கப்பட்டு அல்ல, ஆள்வதற்கு வசதி என்றுதான். அந்த உரிமை அரசுக்கு மட்டுமே இருந்தது. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில், கீழ் நீதிமன்றம் தண்டித்த பண்ணையாரை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. செத்தவர்களின் குடும்பத்துக்குச் சட்டம் மேல்முறையீட்டை உரிமையாகத் தரவில்லை. சிறப்பு அனுமதி கேட்டு உச்ச நீதிமன்ற வாசலில் நிற்கலாம், அவ்வளவுதான்.

2009இன் கடைசி நாளில்தான் அது மாறியது. விடுதலையை எதிர்த்தும், சிறிய பிரிவில் தண்டித்ததை எதிர்த்தும், இழப்பீடு போதாது என்றும் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் போக முடியாது. அரசு உயர் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அது தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன்கொடுமை வழக்கானால் காலக்கெடு 90 நாள். பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் 58 பேரைக் கொன்ற வழக்கில் 2010இல் 26 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. மேல்முறையீடு என்ற ஏணியில் அவர்கள் ஏறுவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். அதே ஏணியில் நாமும் ஏறலாம் என்பது நம் ஊர்களில் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

அடுத்தது பிளீ பார்கெயினிங், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைப் பேரம் பேசுவது. அமெரிக்காவில் விசாரணை என்பதே அபூர்வம். கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளில் 97 விழுக்காடும் மாநிலங்களில் 94 விழுக்காடும் இந்த ஒப்புதலால் வருபவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் குறிப்பிட்டது. டெக்சாஸின் டூலியா ஊரில் 1999இல் ஒரே ஒரு ரகசியப் போலீஸ்காரரின் பேச்சை நம்பி, போதைப்பொருள் விற்றதாக 46 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். விசாரணைக்குப் போன ஜோ மூருக்கு 90 ஆண்டு. அதைப் பார்த்து மிரண்ட பலர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று அம்பலமாகி, 2003இல் ஆளுநர் 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இந்தியாவில் இது 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஏழாண்டு வரையிலான குற்றங்களுக்கு மட்டும். அமெரிக்காவில் அரசு வழக்கறிஞரும் குற்றம் சாட்டப்பட்டவரும் பேசி முடிப்பார்கள். இங்கே பாதிக்கப்பட்டவரும் பேச்சில் உட்கார வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் புளியமரத்தடியில் "பணத்தை வாங்கிக்கிட்டு கேஸை முடிச்சுக்கப்பா" என்று சொல்வதை அறிந்த நமக்கு அந்த மேசை புதிதல்ல. நல்லவேளையாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும் அரசு அறிவிக்கை இந்தப் பேரத்திலிருந்து விலக்கியது. இல்லையென்றால் சாதி சொல்லித் திட்டுவது போன்ற, ஐந்தாண்டு உச்சத் தண்டனையுள்ள 3(1) குற்றங்கள் எல்லாம் பேரத்துக்கு வந்திருக்கும்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வன்கொடுமைப் பிரிவைப் போடாமல் வெறும் அடிதடி என்று போலீஸ் பதிவு செய்தால், விலக்கும் போய்விடும். பேரத்தில் முடிந்த தீர்ப்புக்கு வழக்கமான மேல்முறையீடும் இல்லை. இப்போதைய சட்டப்படி, குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் எதிரி பேரத்துக்கு மனு போட வேண்டும். அதற்குள் விடுபட்ட பிரிவைச் சேர்க்கச் சொல்லி நாம் மனு போட்டாக வேண்டும். தீர்ப்பு வரும்வரை குற்றச்சாட்டை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.