சில்லறையின் வரலாறு

களனி கங்கைக்கு வடபால் அமைந்த வத்தளையிலும், தென்பால் அமைந்த கொட்டாஞ்சேனையிலும் சிறு கடைகளின் வாணிகம் நெடுங்காலம் சில்லறைக் காசையே நம்பி நடந்து வந்தது. சிறு பொருளை வாங்கச் சிறு நாணயம் வேண்டும். அஃதில்லையேல் ஏழை தன் தேவைக்கு மிகுதியாக வாங்குதல் வேண்டும். அன்றேல் வெறுங்கையோடு திரும்புதல் வேண்டும். இலங்கையின் நாணய வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

பிரித்தானியர் ஆட்சியில், பென்னியின் காற்பங்காகிய பார்திங்கும் இந்நாட்டுச் சந்தைக்குப் பெரிய காசாகவே இருந்தது. ஆதலின் 1828இல் அரைப் பார்திங்கும், 1839இல் காற் பார்திங்கும் இலங்கைக்கென அச்சிடப்பட்டன. காற் பார்திங் 3,840 சேர்ந்தால்தான் ஒரு பவுண் ஆகும். 1872இல் ரூபாயும் சதமும் நடைமுறைக்கு வந்தபோது, கால் சதச் செப்புக் காசும் உடன் வழங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஐந்து சதத் தாளொன்று நடுவே துளை வரிசையிட்டு வெளியிடப்பட்டது. கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம். மற்றையது மூன்று சதம்.

இணையம் பரவியபின் அதே இடர்ப்பாடு வேறு உருவில் எழுந்தது. கடன் அட்டையால் செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும், அது எத்துணைச் சிறிதாயினும், செயற்படுத்தும் செலவு உண்டு. ஒரு கட்டுரையை ஐந்து ரூபாவுக்கு விற்க முனைவோர்க்கு, ‘சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்’ என்னும் பழமொழியே மெய்யாயிற்று. எனவே பலர் மாதச் சந்தாவை நாடினர். ஒன்றை மட்டும் விரும்பிய வாசகர் மீண்டும் வெறுங்கையோடு திரும்பினார்.

1995இல் அமெரிக்க நிறுவனமாகிய டிஜிட்டல் எக்குயிப்மென்ட் ‘மில்லிசென்ட்’ என்னும் முறையை வகுத்தது. இதில் வாங்குவோர் இடைத்தரகரிடம் ஒரு தொகையை ஒருமுறை செலுத்தி, மின்வடிவச் சீட்டுகளைப் பெறுவர். விற்பவர் ஒவ்வொரு முறையும் வங்கியை வினவாது, சீட்டைத் தாமே சரிபார்த்து, விலையைக் கழித்து, மீதிக்குப் புதுச் சீட்டு வழங்குவர். அம்முறை உலகெங்கும் வேரூன்றவில்லை. எனினும், பணத்தை முன்னரே திரட்டி வைத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கழிக்கும் நெறி நிலைத்தது. இலங்கையில் 2012இல் டயலொக் நிறுவனம் தொடங்கிய ‘ஈஸி கேஷ்’ கைப்பேசிப் பணமும் அந்நெறியையே தழுவியது.

செம்பாயினும் தாளாயினும் மின்குறியாயினும், கொண்டுசேர்க்கும் கூலி பொருளின் விலையை விஞ்சலாகாது. அக்கூலி குறையும்போதே சிறு விற்பனையாளருக்கும் சிறு நுகர்வோருக்கும் சந்தையில் இடம் கிடைக்கும்.