காது கேளாதெனக் கழித்த ஒலிகள்

யாழ்ப்பாணத்தில் 1990 இன் பின்னர் ஐந்தாறு ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்தவர்களுக்கு வானொலி கேட்பதென்பது ஓர் உடலுழைப்பு. பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களில் அடங்கியிருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலிப் பெட்டி பேசியது. எனக்கு அப்போது பதினொரு, பன்னிரண்டு வயதிருக்கும். சுழற்றும் பணி பெரும்பாலும் என்னுடையதே. கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். "டேய், நிப்பாட்டாமச் சுத்தடா" என்று அப்பு அதட்டுவார். குரல் மீண்டும் மேலேறி வரும்.

இரைச்சலும் மங்கலும் இடையில் அறுந்த சொற்களும் நிறைந்த அந்த ஒலியைக் கேட்டுப் பழகிய எமக்கு, ஒலி கெட்டிருந்தால் அது கெட்டிருக்கிறது என்று தெரிந்தது. இன்று கைத்தொலைபேசியில் இரைச்சலேயின்றி வந்துசேரும் ஒலியில் என்ன குறைந்திருக்கிறது என்பது தெரிவதில்லை. அந்தக் குறைவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஒலியைப் பிடித்துவைக்க முயன்ற நாள்முதலாகவே மனிதன் சிலவற்றைக் கைவிட்டுத்தான் சிலவற்றைப் பிடித்திருக்கிறான். 1877 இல் எடிசன் ஈயத்தாள் சுற்றிய உருளையிற் பதிந்தது பேச்சின் ஒரு நிழலையே. பின்னர் வந்த கிராமபோன் தட்டுக்களிலும், 1925 வரை, பாடுபவர் ஒரு பெரிய புனலின் முன் நின்று உரத்துப் பாடவேண்டியிருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடந்தான். ஒரு மணிநேரம் விரியக்கூடிய இராக ஆலாபனை அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒடுங்கியது. கொழும்பில் 1923 இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டமைத்த ஒலிபரப்பியில், பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டதும் கிராமபோன் இசையே. குறைந்த ஒலியை மேலும் குறைத்துக் கேட்டவர்கள் அதை அதிசயமாகவே கேட்டனர்.

தொலைபேசி இன்னும் சிக்கனமானது. மனிதச் செவி இளமையில் செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை உணரும். தொலைபேசிப் பொறியியலாளர் அதில் 300 முதல் 3,400 வரையான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டனர். பேச்சு விளங்க இது போதும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியே. தமிழின் சிறப்பெழுத்தான ழகரம் தொலைபேசியில் தப்பிப் பிழைக்கிறது. அதனை ளகரத்திலிருந்து பிரித்துக் காட்டும் அதிர்வுகள் இந்த எல்லைக்குள்ளேயே அடங்குகின்றன. ஆனால் 'ஸ்' என்ற உரசொலியின் வலிமையெல்லாம் நாலாயிரத்துக்கு மேலே இருக்கிறது. தொலைபேசியில் தலைப்பெழுத்தைச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று மறுமுனையில் இருப்பவர் கேட்பது இதனாலேயே. அவருடைய காதிற் குறையில்லை.

இதை அறியாமல் நானும் ஒரு பிழை விட்டேன். 2020 இல் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில் மாணவர்கள் செய்யுளை ஒப்புவித்து வாட்ஸ்அப் குரற்பதிவாக அனுப்பினார்கள். சகரம் தெளிவில்லை என்று ஒரு பிள்ளைக்குப் புள்ளி குறைத்தேன். பாடசாலை திறந்தபின் நேரிற் கேட்டேன். அந்தப் பிள்ளையின் சகரத்தில் ஒரு குறையும் இல்லை.

ஒலியை எண்ணாக மாற்றும் எண்ணம் கணினிக் காலத்துக்கும் முந்தியது. அலெக் றீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் பரிசில் பணியாற்றியபோது 1938 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒலியலையின் உயரத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து, அளவுகளை எண்களாக அனுப்பி, மறுமுனையில் மீண்டும் அலையாக்குவதே அவரது முறை. அளவைகளுக்கு இடையே உள்ளது தொலைந்துவிடாதா என்று எவரும் கேட்பர். தொலையாது. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அளந்தால் அலையை முழுதாக மீட்டெடுக்கலாம் என்பதை நைக்விஸ்ற் 1928 இலும் ஷனன் 1949 இலும் எழுதிய கட்டுரைகள் நிலைநாட்டின. 1982 இல் பிலிப்ஸ், சொனி நிறுவனங்கள் கொண்டுவந்த இறுவட்டு செக்கனுக்கு 44,100 தடவை அளந்தது. ஒவ்வோர் அளவுக்கும் 65,536 படிகள் இருந்தன.

தமிழாசிரியனுக்கு இங்கே தொல்காப்பியர் நினைவுக்கு வராமற் போகமாட்டார். கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவாகக் கொண்டு மாத்திரை வகுத்தவர் அவர். குற்றியலுகரத்துக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என்று ஒலி குறுகும் இடங்களையும் குறித்துவைத்தார். குறுகியது எது, எவ்வளவு குறுகியது என்று எழுதிவைக்கும் அந்த ஒழுங்கு பிற்காலக் கருவிகளிடம் இல்லை.

அப்பு என்று நான் சொன்னவர் என் தாயாரின் தந்தை. கோயிலிற் கந்தபுராணம் படிப்பவர். ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் எமது புராணபடன மரபில் அவர் வாசிப்பவர். 1988 இல் அவருடைய படிப்பை உறவினர் ஒருவர் அறுபது நிமிடக் கசெற் ஒன்றிற் பதிந்திருந்தார். பக்கவாத்தியம் இல்லை. தனிக்குரல், இடையிடையே கோயில் மணி. 2004 இல் அதை நகரத்துக் கடையொன்றிற் கொடுத்து எம்.பி.3 ஆக மாற்றினேன். "சேர், சின்னதா ஏத்தினா ஒரு சீடிக்குள்ள எல்லாக் கசெற்றும் அடங்கும்" என்றார் கடைத் தம்பி. எனக்கும் அதுவே விருப்பமாயிருந்தது. இறுவட்டுத் தரத்திற் பதிந்திருந்தால் 635 மெகாபைற் பிடித்திருக்கவேண்டிய ஒலி 14 மெகாபைற்றுக்குள் அடங்கியது. 2010 இல் வீடு மாறியபோது கசெற்றை எறிந்துவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து நல்லதொரு செவிப்பொறியில் அதைக் கேட்டபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. அப்புவின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலிருந்தது. சகரங்கள் சலசலத்தன. மணி ஒலிப்பதற்குச் சற்று முன்பே ஒரு சீறல் எழுந்தது. நடந்தது என்னவென்று தேடப்போய்த்தான் எர்லாங்கனின் கதையை அறிந்தேன்.

ஜேர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் டீற்றர் சைட்சர் என்ற பேராசிரியர் தொலைபேசிக் கம்பிவழியே இசையை அனுப்ப விரும்பினார். அது இயலாதென்று காப்புரிமை அதிகாரி மறுத்தார். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் 1980 களில் அதைச் செய்துகாட்ட முனைந்தார். வழி காட்டியது மனிதச் செவியின் ஒரு பலவீனம். மேளம் முழங்கும்போது பக்கத்திலிருப்பவர் கிசுகிசுப்பது கேளாது. உரத்த ஒலி தன்னை அடுத்த அதிர்வெண்களில் உள்ள மெல்லொலியை மறைத்துவிடும். செவிக்கு எட்டாததை ஏன் சேமிக்கவேண்டும்? அதைக் கழித்தால் இறுவட்டின் பதினொன்றில் ஒரு பங்கு எண்களே போதும்.

இந்த முறை பெரும் வாத்தியக் கூட்டங்களில் அருமையாக வேலைசெய்தது. அதைத் தடுமாறவைத்தது சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியமின்றித் தனியே பாடிய 'ரொம்ஸ் டைனர்' என்ற பாடல். ஆரம்ப முயற்சிகளில் அவரது குரல் கரகரத்துச் சிதைந்தது. தனிக்குரலில் பிழையை மறைக்க வேறோர் ஒலி இல்லை அல்லவா? பிராண்டன்பேர்க் அந்தப் பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டு முறையைத் திருத்தினார். 1990 களின் தொடக்கத்தில் அது உலகத் தரமாயிற்று. 1995 யூலை 14 இல் கோப்புகளுக்கு எம்.பி.3 என்ற ஒட்டுப்பெயர் தீர்மானிக்கப்பட்டது.

ஆனால் அவர் திருத்தியது போதிய எண்கள் கொடுக்கும்போது பயன்படும். எனது கடைக்காரத் தம்பி கொடுத்தது செக்கனுக்கு 32,000 துணுக்குகள். இறுவட்டில் 14 இலட்சத்துக்கும் மேல். மறைந்திருப்பதை மட்டும் கழிக்க அது போதாது. கேட்பதையும் கழிக்கவேண்டிவரும். மணியின் முன் எழுந்த சீறலும் இதன் விளைவே. இந்த முறை ஒலியை 1,152 அளவைகள் கொண்ட துண்டங்களாக எடுத்துக்கொள்கிறது. இறுவட்டு வேகத்தில் ஒரு துண்டம் கண்ணிமைப் பொழுதிலும் மிகச் சிறியது. துண்டத்தின் நடுவில் மணி திடீரென ஒலித்தால், குறைத்துக் கணித்ததால் வந்த பிழை துண்டம் முழுவதும் பரவுகிறது. மணிக்கு முன்னிருந்த அமைதியிலும் அது கேட்கிறது. குறைவான துணுக்குகள் கொடுத்தால் துண்டம் நீள்வதில்லை; பிழை பெருகி, சீறல் உரக்கிறது.

நேயர் சிலர் இதனை வேறொரு 'அமுக்க'த்தோடு சேர்த்துக் குழப்புவதுண்டு. இசையின் மெல்லிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களை அமுக்கி, யாவற்றையும் ஒரே உரப்பிற் கொண்டுவருவது அது. கோப்பின் பருமனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இறுவட்டின் உச்ச எண்ணைத் தாண்டி ஒலியைத் தள்ளினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியை முழுதாகத் திருகிவிடும்போது கேட்கும் கிழிசல் ஒலியும் அந்த இனமே. 2008 இல் மெற்றாலிக்கா குழுவின் ஓர் இசைத்தொகுப்பு அளவுமீறி உரத்திருக்கிறதென்று அதன் இரசிகர்களே முறையிட்டனர். அந்தப் பாடல்கள் கணினி விளையாட்டொன்றிற் சேர்ந்த வடிவம் அவ்வளவு அமுக்கப்படாமலிருந்ததால் வேறுபாடு அவர்களுக்குப் பிடிபட்டது. ஒப்பிட இன்னொரு பிரதி இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

எனக்கும் அவ்வாறு ஒன்று கிடைத்தது. கனடாவிலுள்ள என் மாமா, இடம்பெயர்ந்தபோது கையோடு கொண்டுபோன கசெற்றுகளில் அப்புவின் படிப்பும் இருப்பதாகச் சென்ற ஆண்டு சொன்னார். பிரதியிலிருந்து எடுத்த பிரதி. நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சல் முழுவதும் உண்டு. ஆனால் சகரங்கள் இருந்தன. மணி தன் நேரத்தில் ஒலித்தது. இம்முறை ஒன்றையும் கழிக்காமல் 44,100 அளவையிலேயே பதியச் சொன்னேன், கசெற்றையும் எறியவேண்டாமென்றேன்.

பதிந்தது முதற்பக்கம் மட்டுமே. மறுபக்கத்தில் யாரோ சினிமாப் பாட்டுக்களை மேலே பதிந்துவிட்டார்கள். அந்த அரை மணிநேரப் படிப்பு என்னிடமுள்ள 7 மெகாபைற்றில் மட்டுமே இருக்கிறது.