பழங்காநத்தம்: கண்மாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே ஓர் ஊர்



பழங்காநத்தம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பஸ் ஸ்டாண்டுதான் நினைவுக்கு வரும். 1999-ல் மாட்டுத்தாவணி திறக்கும்வரை திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்களுக்கு இங்கேதான் வர வேண்டும். ஆனால் பஸ்ஸுக்கு வெகுகாலம் முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

சான்று கோவலன் பொட்டலில் இருக்கிறது. சிலப்பதிகாரக் கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்பது ஊர் வழக்கு. 1980 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால மக்களின் இடுகாடு அது.

ஏன் இங்கே குடியேறினார்கள்? தண்ணீர்தான் காரணம். நமக்கு மேற்கே மாடக்குளம் கண்மாய். வடக்கே, எல்லிஸ் நகர் பக்கம், கிருதுமால் நதி. பாண்டியர் கல்வெட்டுகள் மதுரையை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்றே குறிக்கின்றன. ஒரு கண்மாயின் பெயரைச் சொல்லித் தலைநகரை அடையாளம் காட்டினார்கள் என்றால் அதன் மதிப்பைப் பாருங்கள். கிருதுமாலும் சாதாரணமல்ல. பாகவதத்தில் சத்தியவிரத மன்னன் கையில் மச்சாவதார மீன் வந்தது கிருதமாலா நதியில்தான். கூடலழகருக்கு மாலை போல ஓடியதால் இந்தப் பெயர் என்பார்கள். மதுரையைக் கடந்து விருதுநகர், ராமநாதபுரம் சீமைகளின் வயல்களுக்குப் பாய்ந்து குண்டாற்றில் சேரும் நதி இது. இன்று நகருக்குள் அதைச் சாக்கடை என்றே பிள்ளைகள் அறிவார்கள்.

நத்தம் என்பது வருவாய்த் துறைச் சொல். குடியிருப்புக்கென விட்ட நிலம். நத்தத்தைச் சுற்றி வயலும் வாய்க்காலும் இருந்தன. வயல்கள் மனைகளாகிவிட்டன. ஆனால் தண்ணீர் பழைய பாதையை மறப்பதில்லை. ஐப்பசி மழையில் எந்தத் தெருவில் முழங்கால் அளவு நிற்கிறதோ, அங்கே ஒரு வாய்க்கால் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

வங்கியில் அடமானக் கடனுக்கு வந்த பத்திரங்களை ஆண்டுக்கணக்கில் படித்தவன் நான். பழைய பத்திரங்களின் நான்கெல்லையில் 'வாய்க்காலுக்குத் தெற்கு', 'கண்மாய்க் கரைக்குக் கிழக்கு' என்று தெளிவாக எழுதியிருக்கும். உங்கள் தாய்ப்பத்திரத்தை எடுத்து நான்கெல்லையைப் படியுங்கள். வாய்க்கால் என்று இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். நம் பகுதியின் நீர்வழிகளை ஒரு வரைபடமாக்கி, அடுத்த மழைக்கு முன் மாநகராட்சியிடம் தூர்வாரக் கேட்கலாம். வாய்மொழிப் புகாரைவிடப் பத்திரத்துக்கு மதிப்பு அதிகம்.