ஹிஸ்னுல் அக்ராத்

சிலுவைப் போர்க் காலத்தை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், கோட்டை ஒன்றின் படத்தை வகுப்பில் கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் செய்தோம். மலையே வளர்ந்து மதிலாக நிமிர்ந்தது போன்ற தோற்றம். ஒரு மதிலுக்குள் இன்னொரு மதில். அதனுள்ளே தேவாலயமாகக் கட்டப்பட்டுப் பள்ளிவாசலாக மாறிய ஒரு கூடம். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இது நாம் கட்டியதா, அவர்கள் கட்டியதா?" என்று வினவினார். ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம் என்று வாய் திறந்த நாம், திறந்த வாயை மூடிக்கொண்டோம். அன்று சொல்லாமல் விட்ட விடையையே இங்கு எழுத முற்படுகின்றோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். அரபு நூல்களில் அதற்கு வழங்கும் பெயர் 'ஹிஸ்னுல் அக்ராத்'. ஹிஸ்ன் என்றால் கோட்டை. அக்ராத் என்பது குர்து என்பதன் பன்மை. 1031ஆம் ஆண்டில் ஹிம்ஸை ஆண்ட அமீர், வழிக்காவலுக்காகக் குர்து இனத்தாரை இம்மலையில் குடியமர்த்தினார், அதனால் இப்பெயர். பின்னர் இதைக் கைக்கொண்ட ஐரோப்பியர் 'அக்ராத்' என்பதைத் தம் நாவுக்கு இசைய 'க்ராத்' என்றனர். கோட்டையைக் குறிக்கும் 'கரக்' என்ற சிரியாக் சொல்லின் சாயல் அதில் ஏறி, நாளடைவில் 'க்ராக்' ஆயிற்று. 'க்ராக் தெ ஷெவாலியே', அதாவது மாவீரர்களின் க்ராக் என்று உலகம் இன்று சொல்கின்றதே, அந்த 'மாவீரர்' என்ற ஒட்டு 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. ஆக, பறங்கியர் பெயர் என்று நாம் எண்ணும் பெயருக்குள் குர்துகளே குடியிருக்கின்றனர்.

பறங்கியர் என்றோம். அக்காலத்து அரபு வரலாற்றாசிரியர்கள் 'சிலுவைப் போர்' என்ற தொடரை அறியார். படையெடுத்து வந்தவர்களை 'இஃப்ரஞ்ச்' என்றே எழுதினர். அச்சொல்லே பாரசீகத்தில் ஃபரங்கி ஆகி, கடல் கடந்து தமிழில் பறங்கி ஆயிற்று. பரங்கிப்பேட்டை வாசகர்களுக்கு இச்செய்தி சுவையாக இருக்கும் என்பதால் வழியில் சொல்லி வைத்தோம்.

கோட்டை நிற்கும் இடமே அதன் வரலாற்றுக்குக் காரணம். ஹிம்ஸுக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், 650 மீட்டர் உயரமுள்ள மலைமுனை அது. வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே லுப்னான் மலை. இரண்டுக்கும் நடுவே கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் தாழ்ந்த வழி. தராபுலுஸிலிருந்து ஹிம்ஸுக்கும் ஹமாவுக்கும் போகும் வணிகக் கூட்டமும் படையும் இம்முனையின் கண்ணில் படாமல் கடக்க இயலா. கீழே புகைஆ எனப்படும் வளமான சமவெளி. இதைப் பிடித்திருப்பவர் கையில் வழியும் இருந்தது, விளைச்சலும் இருந்தது.

1110இல் அந்தாக்கியாவை ஆண்ட தாங்க்ரெத் என்பவர் இதைக் கைப்பற்றினார். 1142இல் தராபுலுஸின் பிரபு இரண்டாம் ரேமண்ட், ஹாஸ்பிட்டலர் எனப்படும் துறவி வீரர் சபையாருக்கு இதனைக் கொடுத்துவிட்டார். ஜெரூசலத்தில் நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தத் தோன்றியது அச்சபை. பெயரும் அதனால் வந்ததே. நோயாளியின் கட்டிலருகே தொடங்கியவர்கள் அம்புத்துளையருகே வந்து நின்றனர். இக்கோட்டையின் கீழுள்ள சமவெளியில்தான் 1163இல் சுல்தான் நூருத்தீன் பறங்கியரிடம் தோற்றுப் பின்வாங்கினார். 1188இல் சுல்தான் ஸலாஹுத்தீன், வடசிரியக் கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்று வந்தபோதும், இதை முற்றுகையிடாமல் கடந்து சென்றார். ஹித்தீனில் வென்றவரே தயங்கிய மதில் எத்தகையது என்று அறிய வேண்டாமா?

மலைமுனையின் மூன்று பக்கங்கள் செங்குத்தான சரிவுகள். தெற்கு மட்டும் அடுத்த மேட்டோடு தொடர்ந்திருந்தது. பகைவர் வரக்கூடிய பக்கம் அதுவே. அங்குதான் கட்டியவர்கள் தம் அறிவு முழுவதையும் செலவிட்டனர். மதிலை நேராக எழுப்பாமல், அடியில் அகன்று மேலே குறுகும் சாய்சுவரை அதற்கு அணைகொடுத்தனர். அடியில் அதன் கனம் 25 மீட்டர் அளவுக்கு இருக்கும். அரபியர் அதை 'மலை' என்றே அழைத்தனர். சாய்சுவரினால் பயன் பல: அடித்தளத்தைக் குடைந்து மதிலை வீழ்த்த வருவோர்க்கு அது எளிதில் இடங்கொடாது, மேலிருந்து உருட்டும் கல் அதன்மீது பட்டுத் தெறித்து, கீழே நிற்போரைத் தாக்கும். பூமி அதிர்ந்தாலும் மதில் எளிதில் சாயாது. அந்நாடு நில அதிர்ச்சிக்கு இரையாகும் நாடு. 1170ஆம் ஆண்டு அதிர்ச்சியில் கோட்டை பெரிதும் சிதைந்தது, தேவாலயத்தையும் புதிதாகக் கட்ட நேர்ந்தது. 1202இல் மீண்டும் அதிர்ச்சி. அதன்பின் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உள்மதிலைச் சுற்றி வெளிமதில் ஒன்றை எழுப்பினர். வெளிமதிலைப் பிடித்த பகைவன், தன்னைவிட உயரமான உள்மதிலின் அம்புகளுக்குக் கீழே இடுக்கில் நிற்பான்.

இரு மதில்களுக்கும் நடுவே தெற்கில் ஒரு திறந்த குளம் உண்டு. மாக்களுக்கு நீர் காட்டவும் குளிக்கவும் பயன்பட்டது. அதற்குப் பறங்கியர் வைத்த பெயர் 'பெர்க்கில்'. அரபின் 'பிர்கா' என்ற சொல்லே அது. குளத்தை வெட்டியவர் யாராயினும், பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் உள்ளூரார்.

நுழைவாயிலும் கவனிக்கத்தக்கது. வளைகூரையிட்ட சரிவுப் பாதை இருளில் நீண்டு, ஓரிடத்தில் கொண்டையூசி போல் மடங்கித் திரும்புகிறது. கூரையில் துளைகள், அவற்றின் வழியே மேலிருந்து எதையும் எறியலாம். வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் வருபவன் கண் பழகுமுன் திரும்ப வேண்டும்; திரும்பியதும் அவன் தன் கேடயத்தால் காக்காத பக்கம் எதிரிக்குத் தெரியும். இதே மடக்கு வாயிலை, ஸலாஹுத்தீனின் மகன் மலிக் ளாஹிர் காஸி அக்காலத்திலேயே ஹலப் கோட்டையில் இன்னும் சிக்கலாக அமைத்தார். யார் யாரிடம் கற்றனர் என்று அறுதியிடுவது கடினம். எதிரெதிரே இரு நூற்றாண்டுகள் நின்றவர்கள் ஒருவர் மதிலை ஒருவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது மட்டும் உறுதி.

உள்ளே ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள பண்டகசாலை, கிணறு, பெரிய அடுப்பு, எண்ணெய்ச் சாடிகள், மேலே காற்றாலை. 1212இல் வந்து பார்த்த ஜெர்மானியப் பயணி வில்பிரான்ட், போர்க்காலத்தில் 2000 வீரர் வரை அங்கிருப்பர் என எழுதினார். 1218இல் வந்த ஹங்கேரி மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூ, கிறிஸ்தவ நாட்டின் திறவுகோல் என்று இதனைப் பாராட்டிப் பொருளும் வழங்கினார். வீரர்களின் கூடத்துக்கு முன்னே கூர்வளைவுகளோடும் நரம்போடிய கூரையோடும் அழகிய தாழ்வாரம் ஒன்றையும் சபையார் கட்டினர். பிரான்ஸ் நாட்டுப் பேராலயங்களின் நளினம் அப்படியே அங்கு வந்து இறங்கியிருக்கிறது. அங்கே லத்தீனில் ஒரு கல்வெட்டு; செருக்கை எச்சரிப்பது அதன் பொருள். அவ்வளவு பெரிய மதிலைக் கட்டியவர்கள் செருக்கைப் பற்றி எழுதி வைத்தனர் என்பதை நினைக்கும்போது அவர்கள்மீது ஒரு மரியாதை உண்டாகிறது.

1271ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 669, சுல்தான் பைபர்ஸ் வந்தார். கிப்சாக் துருக்கியரான அவர், அடிமையாக விற்கப்பட்டு எகிப்தின் அரியணை வரை உயர்ந்தவர். மார்ச் மாதம் கவண்பொறிகள் நிறுத்தப்பட்டன. சுரங்கம் தோண்டித் தென்மேற்குக் கொத்தளத்தை வீழ்த்தினர். வெளிமதில் கைக்கு வந்தது. அதன்பின் எதிரே நின்றது அந்த 'மலை'. பத்து நாட்கள் சென்றன. பின்னர் உள்ளே ஒரு கடிதம் போயிற்று: தராபுலுஸிலிருந்து மேலிடம் சரணடைய அனுமதி தருகிறது என்று. கடிதம் போலி. ஏப்ரல் 8ஆம் நாள் வாயில் திறந்தது. வீரர்கள் உயிர்ப் பாதுகாப்புடன் தராபுலுஸ் சென்றனர். முற்றுகையின்போது பிடிபட்ட உழவர்களை, நிலம் தரிசாகிவிடக் கூடாதென்று சுல்தான் விடுவித்ததாக நம் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அக்கடிதத்தை நம் எழுத்தாளர் சிலர் பெரிய சாதுரியமாகப் போற்றுவர். போரில் சூழ்ச்சிக்கு இடமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், உள்ளே இருந்தவர்கள் அதைப் போலியென்று உணராமலா இருந்திருப்பர்? உதவிக்கு வருவார் இல்லை. மதிப்போடு வெளியேற அவர்களுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. சுல்தான் அதைக் கொடுத்தார். இது நம் ஊகம்.

பைபர்ஸும் அவர்பின் வந்த கலாவூனும் சிதைந்ததைச் செப்பனிட்டனர். வென்றவரின் பெயரைத் தாங்கிய அரபுக் கல்வெட்டு வாயிலருகே இருக்கிறது. 1285இல் கலாவூன் தெற்கே சதுரக் கொத்தளம் ஒன்றை எழுப்பினார். பகைவரின் மதிலில் எந்தப் பக்கம் பலவீனம் என்று வென்றவரை விட அறிந்தவர் யார்?

தேவாலயம் பள்ளிவாசல் ஆயிற்று. அதன் பலிபீடம் கிழக்கே. சிரியாவில் கிப்லாவோ தெற்கே. ஆகவே ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் 8 மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் கொண்ட அக்கூடத்தின் நீண்ட தென்சுவரில் மிஹ்ராப் குடையப்பட்டு, அருகே கல் மிம்பர் அமைந்தது. கிழக்கே நோக்கி ஆழ்ந்து செல்லக் கட்டிய கூடம், தெற்கே நோக்கி அகன்று விரிந்தது. சஃப்புகள் குறைவு, ஒவ்வொரு சஃப்பும் நீளம். ஒரு கல்லையும் பெயர்க்காமல், நிற்கும் திசையை மாற்றியதாலேயே கட்டடத்தின் வடிவம் மாறிவிட்ட விந்தை இது.

இவ்விடத்தில் நம் மனத்தை உறுத்துவதைச் சொல்லியாக வேண்டும். 1236இல் குர்துபாவின் ஜாமிஆ பள்ளி பேராலயம் ஆக்கப்பட்டதைப் பேசும்போது நம் குரல் தழுதழுக்கிறது. ஹிஸ்னுல் அக்ராதின் தேவாலயம் பள்ளி ஆனதைப் பேசும்போது அதே குரல் நிமிர்கிறது. கோட்டைத் தேவாலயத்தில் வழிபடுவோர் எவரும் எஞ்சவில்லை, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று நாமே நமக்கு விடை சொல்லிக்கொண்டதுண்டு. அவ்விடையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் ஜெரூசலத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தேவாலயத்துக்குள் தொழ மறுத்து வெளியே தொழுத செய்தி நம் நினைவுக்கு வருகிறது. தாம் தொழுத இடம் என்று கூறிப் பின்வருவோர் அதை எடுத்துக்கொள்வர் என அவர்கள் அஞ்சினார்கள். இச்செய்தியைப் பதிந்து வைத்தவர் பத்தாம் நூற்றாண்டின் கிறிஸ்தவத் தலைமைக் குரு ஸயீத் இப்னு பத்ரீக். அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் எவருடைய வெற்றியும் நேர்கோட்டில் நிற்பதில்லை.

பிந்திய நூற்றாண்டுகளில் கோட்டை ஊராயிற்று. 1927இல் பிரெஞ்சு அறிஞர் போல் தெஷாம் ஆராயப் புறப்பட்டபோது, மதில்களுக்குள் சுமார் 500 பேர் குடும்பமாக வாழ்ந்திருந்தனர். 1933இல் கோட்டை பிரெஞ்சு அரசின் உடைமையாயிற்று. குடியிருந்தோர் இழப்பீடு பெற்று வெளியேறினர். பாதுகாப்புக்கு அது தேவை என்பதை ஏற்கிறோம்; எனினும் அங்கே பிறந்து வளர்ந்த ஒரு முதியவருக்கு அன்று என்ன தோன்றியிருக்கும்? பின்னர் நாடு விடுதலை பெற, கோட்டை சிரியாவின் கைக்கு வந்தது. 2006இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. உள்நாட்டுப் போரின் நடுவே 2013இல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. போராளிகள் தங்கியிருந்த கோட்டைமீது குண்டுகள் விழுந்தன, அத்தாழ்வாரமும் சேதமுற்றது. 2014 மார்ச்சில் அரசுப்படை அதைப் பிடித்தது. அடிவாரத்து ஹிஸ்ன் ஊரார் பலர் வீடிழந்து சிதறினர்.

மாணவரின் வினாவுக்குத் திரும்புவோம். நம்மிடையே ஒரு பேச்சு வழங்குகிறது: ஐரோப்பியரின் பேராலயக் கலை முழுவதும் நம்மிடமிருந்து சென்றது என்று. லண்டனில் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் அக்கலையை 'சாரசன்' பாணி என்று அழைக்கலாம் என எழுதியதைச் சான்று காட்டுவர். கூர்வளைவு நம் நாடுகளில் முந்தியது என்பது மெய். கெய்ரோவில் இப்னு தூலூன் பள்ளி 879இல் நிறைவெய்தியது. அதன் தூண்வரிசை முழுதும் கூர்வளைவுகளே. பாரிஸை அடுத்த சென் தெனி ஆலயத்தின் புதிய கீழ்ப்பகுதி எழுந்தது 1144இல். ஆனால் அந்த வளைவை நரம்புக் கூரையோடும் வெளியே தாங்கும் பறக்கும் அணைச்சுவரோடும் இணைத்து, சுவரின் சுமையைக் குறைத்து, கண்ணாடி வழியே ஒளியைப் பாய்ச்சியவர் பிரெஞ்சுக் கொத்தர்களே. அதை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. நம் முன்னோருக்கு அந்தப் பொய்ப்பெருமை தேவையும் இல்லை.

அவர்கள் கலையை நம்மவர் எவ்வாறு மதித்தனர் என்பதற்குக் கெய்ரோவில் ஒரு சான்று நிற்கிறது. 1291இல், ஹிஜ்ரி 690இல், அக்கா நகரம் சுல்தான் அஷ்ரஃப் கலீலிடம் வீழ்ந்தபோது, அங்கிருந்த தேவாலயம் ஒன்றின் வெண்பளிங்கு வாயில் தனித்தனிக் கல்லாகப் பெயர்த்து எகிப்துக்குக் கொண்டுவரப்பட்டது. வெற்றிப் பொருள்தான், ஐயமில்லை. ஆனால் அதை உடைக்கவில்லை, குப்பையில் எறியவும் இல்லை. சுல்தான் நாஸிர் முஹம்மதின் மதரஸாவுக்கு அதுவே தலைவாயில் ஆயிற்று. மெல்லிய தூண்கள், ஒன்றுக்குள் ஒன்றாக ஒடுங்கும் கூர்வளைவுகள் யாவும் இருந்தபடியே இருக்கின்றன. வளைவின் உச்சியில் மட்டும் 'அல்லாஹ்' என்ற சொல் பொறிக்கப்பட்டது. மக்ரீஸி அவ்வாயிலை வியந்து எழுதியிருக்கிறார். நான்கு மத்ஹபுகளுக்கும் அங்கே பாடம் நடந்தது. ஷாஃபியீ மாணவரும் ஹனஃபீ மாணவரும் ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அக்காவின் கொத்தர் செதுக்கிய அந்த வளைவின் கீழேதான் நாள்தோறும் ஓதப் போயினர்.